அத்தையும் பிரெஞ்சு ஹோட்டலும்

ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக ஒருத்தி சென்னையில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கி, விழுப்புரம் போய், அங்கே 75 வயது அத்தையின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, ரயிலில் புதுச்சேரிக்குப் போனாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். "ஏன், சென்னையில் ஹோட்டலுக்கா பஞ்சம்?" என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அத்தையின் பேத்தி ஹோட்டல் சமையல் படித்தவள். புதுச்சேரியில், கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுத் தெரு ஒன்றில், ஐரோப்பிய பாணியில் நடக்கும் ஒரு சின்ன ஹோட்டலில் சமைக்கிறாள். மொத்தம் பத்துப் பன்னிரண்டு மேஜைகள். பெரிய நட்சத்திர ஹோட்டல் அல்ல. அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசிச் சாப்பிட்டுப் போகிற இடம். சம்பளம் நல்ல சம்பளம். முதலாளியம்மாவும் நல்லவர். எல்லாம் சரிதான், ஆனால் அந்த ஹோட்டலின் ஒரு மூலையில் 'ஒயின் பார்' என்று ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு சொற்கள் விழுப்புரத்துக்கு எட்டியதும் அத்தை பேத்தியிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். எட்டு மாதமாகப் பேச்சில்லை.

"நீங்க சொன்னா பாட்டி கேப்பாங்க. ஒரே ஒரு தடவை கூட்டிக்கிட்டு வாங்களேன்" என்று அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். குரல் தழுதழுத்தது. புறப்பட்டுவிட்டேன்.

திண்டிவனத்தில் பஸ் மாற வேண்டியிருந்தது. இந்த ஊரை எல்லோரும் வழியில் கடந்து போகிறார்களே தவிர, நின்று பார்ப்பவர்கள் குறைவு. சென்னையிலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். திந்திரிணி என்றால் வடமொழியில் புளியமரம். திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆயிற்று. அதாவது புளியங்காடு! சமையலறைப் பெயர் கொண்ட ஊர் இதைவிட வேறு ஏது?

அதோடு போகவில்லை, நேயர்களே. சங்க காலத்தில் இந்தப் பகுதிக்கு ஓய்மாநாடு என்று பெயர். நல்லியக்கோடன் என்ற சிற்றரசன் ஆண்டான். இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இருக்கும் கிடங்கல்தான் அவனுடைய கிடங்கில் என்ற ஊர். அவனைப் பார்த்துப் பரிசு பெற்று வந்த ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லுவதாக அமைந்த பாட்டு சிறுபாணாற்றுப்படை. வழி சொல்லும்போது என்ன சொல்கிறான் என்று நினைக்கிறீர்கள்? எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றுதான் சொல்லுகிறான்! எயிற்பட்டினத்தில் வலைஞர் வீட்டுப் பெண்கள் வடித்த பழைய கள்ளும் சுட்ட மீனும். வேலூரில் வேட்டுவப் பெண்கள் ஆக்கிய புளிச்சோறும் வாட்டிய இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும். கடைசியில் அரண்மனை விருந்து. அங்கே அரசன் தானே பக்கத்தில் நின்று உபசரிக்கிறான்.

வழி நெடுகப் பெண்கள் கைச் சமையல். அவர்களில் ஒருத்தியின் பெயராவது பாட்டில் இருக்கிறதா? இல்லை. உண்ட பாணனுக்குப் பாட்டு, ஊட்டிய அரசனுக்குப் புகழ். அடுப்படிக்கு ஒன்றும் இல்லை! பஸ் ஸ்டாண்டில் நின்றபடி இதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊர். 2023-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே கள்ளச் சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதில் இருந்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் உபயோகிக்கும் விஷம். கண்ணைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். விருந்தாளிக்கு மீனும் கள்ளும் கொடுத்துக் கொண்டாடிய அதே கரையில் ஒப்பாரி. அத்தையின் கோபத்தை 'பட்டிக்காட்டுப் பிடிவாதம்' என்று தள்ளிவிட முடியாது, பாருங்கள்.

விழுப்புரத்தில் அத்தை மொட்டை மாடியில் இருந்தார். வைகாசி வெயில் கொளுத்துகிறது. பாயில் வேட்டியை விரித்து, தாளிப்பு வடகம் உருட்டி வைத்துக்கொண்டிருந்தார். உங்களில் பலருக்கு இது தெரிந்த சமாசாரம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கடுகு, உளுத்தம் பருப்பு, சீரகம், வெந்தயம், மஞ்சள் தூள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் காயவைக்க வேண்டும். மாலையில் உருண்டைகளை உடைத்துப் பானைக்குள் போட்டு மூட வேண்டும். காலையில் மறுபடியும் உருட்ட வேண்டும். இப்படிப் பல நாள். கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைத்தால் ஒரு வருஷத்துக்குக் கெடாது. கீரைக் குழம்புக்கும் மீன் குழம்புக்கும் ஒரு கிள்ளு போதும், தெருவே மணக்கும்.

"புதுச்சேரிக்கா? நான் வரல்லே" என்றார் அத்தை, தலையைத் தூக்காமலே.

"அத்தை, அந்தப் பெண் அழுகிறாள்."

"அழட்டும். சாராயம் விக்கிற எடத்துல நின்னு சமைக்கச் சொன்னது யாரு?"

நான் அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை. வடகம் உருட்ட உட்கார்ந்துவிட்டேன். இரவு சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, "சாப்பிட வேணாம். பார்த்துட்டு மட்டும் வருவோமா?" என்று கேட்டேன். அத்தை வெகு நேரம் பதில் சொல்லவில்லை. விடியற்காலையில் எழுந்து பார்த்தால், அடுப்படியில் புளிச்சோறு கிளறி ஒரு தூக்கில் அமுக்கிக்கொண்டிருந்தார்! "அங்கே தண்ணிகூடக் குடிக்கமாட்டேன். பசிச்சா இது இருக்கு" என்றார். தூக்குக்குப் பக்கத்தில் ஒரு துணி முடிச்சு. அது என்னவென்று நான் கேட்கவில்லை.

விழுப்புரம் ஜங்ஷன் ஐந்து திசைக்கு ரயில் பிரியும் இடம். சென்னைக்கு ஒன்று, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, மயிலாடுதுறைக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. ஐந்தாவது புதுச்சேரிக் கிளை. 1879-இல் போட்ட இந்தப் பாதை 38 கிலோமீட்டர்தான். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று கொய்யாத் தோப்பும் கரும்புக் கொல்லையுமாக வண்டி போகும். ஜன்னலோர இடம் கிடைத்தும் அத்தை வெளியே பார்க்கவில்லை.

"இந்த வண்டியிலேதான் உன் சித்தப்பா போவான்" என்றார், வளவனூர் தாண்டியதும்.

சித்தப்பா கதை எனக்கு அரைகுறையாகத் தெரியும். 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் வந்துவிட்டது. 1971 வரை நீடித்தது. ஆனால் புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். அவர்கள் போன பிறகும் அங்கே மதுவிலக்கு வரவில்லை. விழுப்புரத்தில் கிடைக்காதது ஒரு மணி நேர ரயிலில் கிடைத்தது. அத்தையின் தம்பி வாரத்துக்கு ஒரு முறை போனான். பிறகு தினமும் போனான். வயல் போயிற்று, மனைவி நகை போயிற்று, முப்பத்தெட்டு வயதில் அவனும் போனான்.

"வாரச் சம்பளத்தை அங்கே கொடுத்துட்டு, பிளாட்பாரத்திலே விழுந்து கிடப்பான். நான் வந்து தூக்கிக்கிட்டுப் போவேன். அந்த ஊர்லே என் பேத்திக்கு வேலையா?" அத்தை அழவில்லை. அழுது தீர்ந்த பேச்சு அது. எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. வில்லியனூர் வரும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

புதுச்சேரியில் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்கு மேற்கே தமிழர் தெருக்கள்; கிழக்கே, கடல் பக்கம், பிரெஞ்சுத் தெருக்கள். தமிழர் வீட்டில் திண்ணை தெருவைப் பார்த்து 'வாங்க' என்று கூப்பிடும். பிரெஞ்சு வீட்டில் உயர்ந்த மதில்தான் தெருவைப் பார்க்கும், அழகெல்லாம் உள்ளே. மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மதில் மேல் காகிதப் பூ. ரோமன் ரோலன் தெரு, துமா தெரு, சுஃப்ரன் தெரு என்று நீலப் பலகைகள். நாங்கள் தேடிப் போன ஹோட்டலின் பெயரைச் சொல்லமாட்டேன், விளம்பரம் ஆகிவிடும்! இந்தத் தெருக்களில் இது போல இன்னும் பல இருக்கின்றன.

மரக்கதவைத் தள்ளினால் ஒரு முற்றம், நடுவே வேப்ப மரம். சுற்றித் தாழ்வாரத்தில் மேஜைகள். பழைய மர நாற்காலிகள், ஒன்றுக்கொன்று ஜோடி சேராதவை. சுவரில் கரும்பலகை, அன்றைய சமையல் அதில் சாக்கட்டியால் எழுதியிருந்தது. மூலையில் உயரமான ஒரு மேடை, அதன் பின்னால் அலமாரியில் பாட்டில்கள். அத்தை அதைப் பார்த்த மாத்திரத்தில், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தூக்கை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

'ரெஸ்டாரண்ட்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு முதலில் என்ன அர்த்தம் தெரியுமா? பிரெஞ்சு மொழியில், களைத்தவருக்குத் தெம்பு கொடுக்கும் சாறு என்று அர்த்தம். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அந்தச் சாற்றை விற்ற கடைகளுக்கே பிறகு அந்தப் பெயர் ஆகிவிட்டது. நாம் ஜுரம் விட்டவருக்கு மிளகு ரசம் கொடுப்பதில்லையா? அதுதான் சங்கதி.

இப்படிப்பட்ட சின்ன ஹோட்டல்களை ஐரோப்பாவில் பேர் சொல்ல வைத்தவர்களில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரான்ஸில் லியோன் என்ற நகரத்தில், பணக்காரர் வீட்டுச் சமையற்காரிகளாக இருந்த பெண்கள் தனியாக வந்து சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். ஊரார் அவர்களை 'மேர்', அதாவது 'அம்மா' என்று அழைத்தார்கள். அவர்களில் ஒருவர் எஜேனி பிராசியே. 1895-இல் பிறந்த கிராமத்துப் பெண். ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். 1921-இல் சிறியதாக ஒரு கடை திறந்தார். 1933-இல் மிஷலின் வழிகாட்டி அவருடைய இரண்டு ஹோட்டல்களுக்கும் மும்மூன்று நட்சத்திரம் கொடுத்தது. ஒரே சமயத்தில் ஆறு நட்சத்திரம் பெற்ற முதல் ஆள் அவர்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்!

இதை அத்தையிடம் சொன்னேன். "சமையக்காரிக்கா நட்சத்திரம் கொடுத்தாங்க?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

பிறகு நான் கரும்பலகையை வாசித்துக் காட்டினேன். ஒரு சூப், ஒரு காய்கறிப் பதார்த்தம், 'புயபேஸ்' என்று ஒரு மீன் குழம்பு. இது பிரான்ஸின் மார்ஸேய் துறைமுகத்து மீனவர்கள் விற்காமல் மிஞ்சிய முள் மீனைப் போட்டுக் காய்ச்சிய குழம்பு. புதுச்சேரி வீடுகளில் நம்முடைய மசாலாவும் சேர்ந்து 'மீன் புயபேஸ்' ஆகிவிட்டது. அதற்குக் கீழே, 'வாதுவான் வெண்ணெயில் வஞ்சிர மீன்' என்று எழுதியிருந்தது.

"வாதுவானா? அது என்ன சனியன்?" என்றார் அத்தை.

எனக்குச் சொல்ல வாயெடுக்கும் முன்பே அடுப்படியிலிருந்து வாசனை வந்துவிட்டது. வெண்ணெயில் எதையோ பொரிக்கிறார்கள். வெங்காயமும் பூண்டும் வெந்தயமும் கலந்து சிவந்து வருகிற அந்த மணம்! அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார்.

"ஏம்மா... இது வடகம்!"

ஆமாம், வடகமேதான். பிரெஞ்சுக்காரர்கள் நம் வடகத்தைத் தங்கள் வாயில் திருப்பி 'வாதுவான்' ஆக்கிக்கொண்டார்கள். இன்றைக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய சமையல் நிபுணர்கள் அதைக் கையாளுகிறார்கள். தூளாக்கிச் சின்னப் புட்டிகளில் அடைத்து விற்கிறார்கள். விழுப்புரத்து மொட்டை மாடியில் பழைய வேட்டி மேல் காய்வது அங்கே கண்ணாடி அலமாரியில் அமர்ந்திருக்கிறது. யார் கைப் பக்குவம் என்று அந்தப் புட்டியில் எழுதியிருக்காது. ஓய்மாநாட்டுப் பெண்களின் கதைதான் மறுபடியும்!

தட்டை எடுத்துக்கொண்டு பேத்தியே வந்தாள். வெள்ளைக் கோட்டு, தலையில் துணி. மேஜையில் வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்றவர், மீனில் ஒரு துண்டைக் கையால் விண்டு வாயில் போட்டார்.

"வெந்தயம் தூக்கலா இருக்கு" என்றார்.

"இது கடை வடகம், பாட்டி. நீங்க போடற மாதிரி வராது."

அத்தை பேசாமல் கைப்பையிலிருந்து துணி முடிச்சை எடுத்து மேஜை மேல் வைத்தார். அந்த வருஷத்து முதல் வடகம்! எட்டு மாதமாகப் பேசாதவர், விடியற்காலையில் புளிச்சோற்றோடு அதையும் கட்டி எடுத்து வந்திருக்கிறார். பேத்தி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, அவள் பார்க்கவிடவில்லை.

ஒயின் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எதையோ மறைப்பதாக நீங்கள் நினைப்பீர்கள். பக்கத்து மேஜையில் வயதான தம்பதி இருவர். ஆளுக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை. ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டு பேசுகிறார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் கோப்பை காலியாகவில்லை. அத்தை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். "அதைக் குடிக்கவா வந்தாங்க, பார்க்கவா வந்தாங்க?" என்று என் காதில் கேட்டார்.

இந்தக் கரைக்கு ஒயின் புதிதல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியிலிருந்து ஒயின் வந்த ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. புதுச்சேரி மியூசியத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் பழையது என்பதால் நல்லது ஆகிவிடாது. ஒயினும் சாராய சத்து உள்ளதுதான். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போல இருக்கும். எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் உடம்புக்குப் பத்திரம் என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் சொல்லிவிட்டது. நான் குடிக்கவில்லை, திராட்சை ரசம் வாங்கிக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. சித்தப்பாவுக்கு உட்கார ஒரு நாற்காலியும், எதிரே பேச ஒரு முகமும், கூடச் சாப்பிட ஒரு வாய் சோறும் இருந்ததா என்றுதான் நினைத்துக்கொண்டேன். இருந்திருந்தாலும் தப்பியிருப்பானா? அத்தையிடம் கேட்க எனக்குத் துணிவு இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். மத்தியானம் மூன்று மணிக்குள் போய்விடுங்கள். பிறகு அநேகமாக அடுப்பை அணைத்துவிட்டு இரவு ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். நம் இலை போல எல்லாம் ஒரே சமயத்தில் வராது. ஒன்று தின்று முடித்த பிறகுதான் அடுத்தது. ஆகவே பசியோடு, ஆனால் அவசரமில்லாமல் போங்கள். சில குழம்புகளில் ஒயின் ஊற்றிச் சமைப்பார்கள். மாடு, பன்றி, முட்டையும் இருக்கும். வேண்டாதவர்கள் முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அளவு குறைவு, விலை அதிகம். இரண்டு பேருக்கு மூன்று பதார்த்தம் வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் கட்டுபடியாகும். கையால் சாப்பிட்டால் யாரும் முறைக்கமாட்டார்கள். அத்தை சாப்பிட்டார்.

புறப்படும்போது அத்தை அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே போனார். வெளியே வரும்போது தூக்கு கையில் இல்லை. பேத்தியும், கூட வேலை செய்யும் இரண்டு பெண்களும் நின்றபடி புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

திரும்பும் ரயிலில் அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "எனக்கு அந்த மூலை பிடிக்கல்லே. பிடிக்கவும் பிடிக்காது" என்றார். "ஆனா அடுப்படி சுத்தமா இருக்கு." சற்றுப் பொறுத்து, "அஞ்சு கிலோ சின்ன வெங்காயம் இன்னும் வாங்கணும். வெயில் இருக்கிறப்பவே போட்டாத்தான் ஆச்சு" என்றார்.

வளவனூர் ஸ்டேஷனில் வண்டி நின்றது. அத்தை தூக்கத்தில் என் தோளில் சாய்ந்திருந்தார். அவர் விரல்களில் இன்னும் வடகம் மணத்தது. அடுத்த முறை நீங்கள் எந்த ஹோட்டலில் சாப்பிட்டாலும், எழுந்திருக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இதைச் சமைத்தது யார்?"